கடைசி மடிப்பு

மொன்றியலின் புறநகரான ரொக்ஸ்பரோவில் இருக்கும் உஷாவிடம் யாரும் வாய் தவறி ஒரு தேதியைச் சொல்லிவிட முடியாது. கோயில் மலரில் ஓர் ஆண்டு பிசகியிருந்தால் மறுநாள் காலையிலேயே நிர்வாகிக்குப் போன் போகும். கல்யாணப் பந்தியில் யாராவது "சாம்பார் நம்ம ராஜாக்கள் காலத்துலேர்ந்து இருக்கு" என்று சொல்லித் தொலைத்தால், பரிமாறுகிறவர் கரண்டியோடு காத்து நிற்க, உஷா "எந்த ராஜா?" என்று ஆரம்பித்துவிடுவார். அவருடைய கணவர் அனந்தராமன் உயிரோடு இருந்தவரை பந்தியில் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததே இல்லை. "எனக்கு ரசம் ஆறிடும்" என்று சொல்லி நாலு இலை தள்ளிப் போய்விடுவார்.

உஷாவுக்குக் கெட்ட மனசு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். உள்ளதை உள்ளபடி சொல்வதுதான் ஒரு மனிதருக்குச் செய்கிற மரியாதை என்று அவர் மனதார நம்பினார். அந்த நம்பிக்கை அவருக்கு வேலை கொடுத்தது, பேர் கொடுத்தது. பெற்ற பிள்ளையையும் அதுதான் எட்ட நிறுத்தியது.

மொன்றியலில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஓய்வு பெறும்வரை தென்கிழக்கு ஆசிய வரலாறு சொல்லிக்கொடுத்தவர் உஷா. அவர் வாழ்நாளெல்லாம் தோண்டிக்கொண்டிருந்தது ஒரே இடத்தைத்தான்: பழைய தாய்லாந்தின் போர்ச் சுவடிகள். பிராய் மரப்பட்டையை ஊறவைத்து அடித்துச் செய்த முரட்டுக் காகிதம். கரி பூசிக் கறுப்பாக்கி, விசிறி போல முன்னும் பின்னுமாக மடித்து வைத்திருப்பார்கள். அதில் வெள்ளையிலோ மஞ்சளிலோ எழுத்து. சேனையைக் கருடன் வடிவில் எப்படி நிறுத்துவது, தாமரை வடிவில் எப்படி நிறுத்துவது, மேகம் எந்த உருவத்தில் வந்தால் படை கிளம்பக்கூடாது, எந்தக் கிழமைக்கு எந்தத் திசை ஆகாது என்றெல்லாம் இருக்கும். எதிரியை ஏய்க்க இருபத்தொரு தந்திரங்களும் உண்டு. வியூகம், சகுனம், சூலம் என்று நமக்குத் தெரிந்த சங்கதிகள்தான், வேறு நாட்டுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கும். உஷாவுக்கு அந்தச் சட்டையைக் கழற்றிப் பார்ப்பதில் தீராத ஆசை.

அந்த ஆசையில்தான் ஒரு காரியம் செய்தார். வேறெந்தத் தாயும் செய்திருக்க மாட்டாள்.

வருஷா வருஷம் கோடை விடுமுறையில் பாங்காக் போய்ச் சுவடி படிப்பார். அனந்தராமன் எஞ்சினியர். கோடையில்தான் அவருக்குக் கியூபெக்கின் வடக்கே அணை வேலை மும்முரமாக இருக்கும். ஒரே பிள்ளை அக்ஷயை யாரிடம் விடுவது? கூடவே அழைத்துக்கொண்டு போனார். நூலகத்தின் வாசிப்பறையில் குழந்தைகளை விட மாட்டார்கள். பின்பக்கம் ஒரு வாய்க்கால், அதைத் தாண்டினால் தகரக் கூரை போட்ட குத்துச்சண்டைக் கூடம். அதை நடத்தியவரின் மனைவி, "பிள்ளையை இங்கே விட்டுவிட்டுப் போங்கள், சோறும் போட்டுப் பார்த்துக்கொள்கிறேன்" என்றாள். மற்ற வீட்டுப் பிள்ளைகள் விடுமுறையில் மிருதங்க வகுப்புக்குப் போனார்கள். உஷா தன் எட்டு வயசுப் பிள்ளையை உதைக்கிறவர்கள் நடுவில் விட்டுவிட்டு, நிம்மதியாக வாய்க்காலைத் தாண்டிச் சுவடிக்கு முன்னால் போய் உட்கார்ந்தார்.

சாயங்காலம் திரும்பி வரும்போது அக்ஷய் உடம்பெல்லாம் தைல வாசனையோடு வாசலில் நிற்பான். இரண்டு பேரும் வாய்க்கால் பாலத்தில் நிற்கும் நூடுல்ஸ் வண்டியில் சாப்பிடுவார்கள். அங்கேதான் உஷா அன்றைக்குப் படித்த தந்திரத்தைக் கதையாகச் சொல்வார். குதிரை தோட்டம் மேய்வது என்று ஒன்று. கிணற்று நீரை இறைப்பது என்று ஒன்று. காட்டானைக்கு ஆசை காட்டுவது, வானம் மண்ணை மூடுவது, இராமன் அம்பு என்று போகும். பையன் ஸ்பூனைக் கையில் பிடித்தபடி வாயைத் திறந்துகொண்டு கேட்பான். "அப்புறம் அந்தக் குதிர என்னாச்சும்மா?" என்பான். சுவடியில் குதிரைக்கு ஒன்றும் ஆகவில்லை, அதனால் உஷாவும் "அதுக்கு மேல ஒண்ணும் எழுதலடா" என்று சொல்லிவிடுவார். இட்டுக்கட்டிச் சொல்லி ஒரு குழந்தையைச் சந்தோஷப்படுத்தலாம் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

அக்ஷய் வளர்ந்தான், எஞ்சினியரிங் படித்தான், விமான உதிரிப்பாகக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தான். அப்பா போன மறு வருஷம் அந்த வேலையை விட்டான். மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் பேரின்பநாதன் என்பவரின் பலசரக்குக் கடைக்கு மேல்மாடியை வாடகைக்கு எடுத்து, தாய் குத்துச்சண்டை சொல்லிக்கொடுக்க ஒரு கூடம் திறந்தான். அதற்கு முன்பே கஜந்தினியைக் கல்யாணம் செய்திருந்தான். யாழ்ப்பாணத்துப் பெற்றோர், பிறந்தது வளர்ந்தது இங்கேதான். பகலில் கார்டரி என்கிற குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்ப்பாள், சாயங்காலம் கையுறை மாட்டிக்கொண்டு ரிங்கில் ஏறுவாள். முதல் தடவை வீட்டுக்கு வந்த அன்றே உஷா அவள் பேசுகிற தமிழைக் குறித்துக்கொள்ளப் பேனாவை எடுத்துவிட்டார். பாவம், அந்தப் பெண் பயந்துபோய் இங்கிலீஷுக்கு மாறிவிட்டாள்.

கூடத்தின் திறப்பு விழாவுக்கு அம்மா வந்து பேச வேண்டும் என்று அக்ஷய் ஆசைப்பட்டான். ரிங்குக்கு எதிர்ச் சுவரில் அந்த இருபத்தொரு தந்திரங்களின் பெயர்களையும் தாய் எழுத்தில் எழுதி, கீழே பிரெஞ்சிலும் தமிழிலும் எழுதி வைத்திருந்தான்.

"அம்மா, நீ ஒரு அஞ்சு நிமிஷம் பேசினா போதும். இந்த ஆர்ட் அந்தப் புக்ஸ்லேர்ந்து வந்ததுன்னு எங்க ஸ்டூடண்ட்ஸ்கிட்ட சொல்லு. என்னவிட நீ சொன்னாத்தான் எடுபடும்."

உஷாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பிள்ளை தன் வேலையைக் குறித்துத் தன்னிடம் ஒன்று கேட்கிறான்! கண்டாங்கிச் சேலையை இஸ்திரி போட்டு எடுத்து வைத்தார். பேச வேண்டியதை மனதுக்குள் இரண்டு பாதியாகப் பிரித்துக்கொண்டார். வகுப்பில் எப்போதும் அப்படித்தான் செய்வார். முதல் பாதியில் எல்லோரும் நம்பிக்கொண்டிருப்பதை உடைக்க வேண்டும், இரண்டாம் பாதியில் மிச்சமிருப்பதைக் கொண்டு கட்ட வேண்டும்.

விழா அன்று கூடம் நிறைய ஆட்கள். கற்றுக்கொள்ள வருகிறவர்கள், அவர்களைப் பெற்றவர்கள், அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள். உஷா மைக்கைப் பிடித்துத் தமிழிலும் பிரெஞ்சிலும் மாறி மாறிப் பேசினார்.

"என் பையன் என்னை எதுக்குக் கூப்பிட்டான்னு எனக்குத் தெரியும். ஆனா நான் படிச்ச சுவடிகள்ல ஒரு குத்து கிடையாது. ஒரு உதை கிடையாது. முழங்கை, முழங்கால் எதுவும் கிடையாது. யானையை எங்க நிறுத்தணும், தண்ணி எங்க கிடைக்கும், எந்த மேகத்தப் பாத்தா கிளம்பக்கூடாது, இதுதான் இருக்கு. குத்துச்சண்டை இந்தச் சுவடிகள்லேர்ந்து நேரா வந்ததுன்னு சொல்றது பின்னாடி ஒட்ட வெச்சது. ஜிம் நடத்தறவங்க சொல்லிக்கறது."

முன்வரிசையிலிருந்த பேரின்பநாதன் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார்.

"அப்ப தம்பி இவ்வளவு நாளும் எங்களுக்குப் புழுகித் திரிஞ்சிருக்கிறார்!"

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் கூடமே சிரித்துவிட்டது. உஷாவும் சிரித்தார். வகுப்பிலும் முதல் பாதி முடிவில் இப்படிச் சிரிப்பார்கள், அந்தச் சிரிப்பு அடங்குவதற்காகக் காத்திருப்பது அவருக்குப் பழக்கம். "ஆனாலும்" என்று சொல்ல வாயெடுத்தபோது அக்ஷய் பக்கத்தில் வந்து நின்றான். முகம் நிறையச் சிரிப்பு, காது மட்டும் சிவந்திருந்தது. "தேங்க்ஸ்மா" என்று மைக்கை மெல்ல வாங்கிக்கொண்டான்.

இரண்டாம் பாதி உள்ளேயே நின்றுவிட்டது. அந்த இரண்டாம் பாதியில் என்ன இருந்தது என்று சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் உஷாவுக்கு அநியாயம் செய்ததாகும். எந்த மூக்குத் துவாரத்தில் மூச்சு தாராளமாக ஓடுகிறதோ அந்தக் காலை முதலில் எடுத்து வைத்துப் புறப்படு என்று சில சுவடிகள் படைத்தலைவனுக்குச் சொல்கின்றன. நம்மூரில் சரம் பார்ப்பது என்போமே, அதுதான். இன்றைக்கும் சில தாய் வீரர்கள் ரிங்கில் ஏறுமுன் அப்படித்தான் மூச்சைப் பார்க்கிறார்கள். ராஜாவுக்காக எழுதியது மடிப்பை விட்டு இறங்கி, ஏழைப் பையன்களின் மூச்சுக்குள் போய்ச் சேர்ந்திருக்கிறது, அதை என் மகன் உடம்பில் நான் பார்த்திருக்கிறேன் என்று முடிப்பதாக இருந்தார். அதைச் சொல்லியிருந்தால் கூடம் வேறு மாதிரி கை தட்டியிருக்கும்.

அன்று அக்ஷய்தான் காரில் வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டான். நெடுஞ்சாலையில் பாதித் தூரம் வந்தாயிற்று. அப்போதுதான் சொன்னான்.

"ரிங்ல ஒரு கார்னர் இருக்கும்மா. ரவுண்டு முடிஞ்சு அடிபட்டுத் திரும்பி வரவனுக்கு அங்க நம்ம ஆளுங்க நிப்பாங்க. ஸ்டூல் போடுவாங்க, தண்ணி குடுப்பாங்க. நான் உன்ன என் கார்னருக்குக் கூப்பிட்டேன். நீ ரெஃப்ரீயா வந்துட்ட."

"அப்ப நான் பொய் சொல்லியிருக்கணுமா?"

"இல்லம்மா. நீ சொன்னது எல்லாம் கரெக்ட். நீ எப்பவுமே கரெக்ட்."

எனக்கு இன்னும் பாதி பாக்கி இருந்ததுடா என்று உஷா அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான். ரோஷம் விடவில்லை. மைக்கைப் பிடுங்கினவன் அவன், அவனே கேட்கட்டும் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவன் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்தான். பிரஷர் மாத்திரை போட்டியா, வாசல்ல ஐஸ் இருக்கு பாத்து நட, பனி தள்ற ஆள் வந்தானா என்று கேட்பான். சண்டை கிடையாது, சத்தம் கிடையாது. ஆனால் கூடத்துக்கு வா என்று அதற்குப் பிறகு ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. உஷாவும் போகவில்லை. சண்டை என்றால் சமாதானம் என்று ஒன்று இருக்கும். இந்த மரியாதைக்கு என்ன மருந்து? இப்படியே இரண்டு பனிக்காலம் ஓடிப்போயிற்று.

மூன்றாவது பனிக்காலத்தின் கடைசியில் அக்ஷய்க்கு முதுகு வலி வந்தது. உதைத்து உதைத்து வந்த வலி என்று தைலம் தடவிக்கொண்டான். உடம்பு மெலிந்தபோது, போட்டிக்காக எடையைக் குறைக்கிறான் என்று எல்லோரும் நினைத்தார்கள். கணையத்தில் புற்று என்று தெரிந்தபோது அது ஈரலுக்கும் போய்விட்டிருந்தது. முப்பத்தெட்டு வயசு. அந்தச் சுவடிகளில் இதற்கும் ஒரு தந்திரம் உண்டு. எதிரியைச் சீண்டிச் சீண்டி மெலியச் செய்வது என்று பெயர். உஷா அதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார். பிள்ளையின் மணிக்கட்டில் கடிகாரம் முழங்கைவரை நழுவி இறங்குவதைப் பார்த்த அன்று அந்தக் கட்டுரை ஞாபகத்துக்கு வந்தது. குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார்.

கோடை முழுக்க உஷா தினமும் ரொக்ஸ்பரோவிலிருந்து பஸ் பிடித்து, மெட்ரோ மாறி ஆஸ்பத்திரிக்குப் போனார். ஒரு டப்பாவில் தயிர்சாதம். அவன் இரண்டு கவளம் சாப்பிடுவான், சில நாள் அதுவும் இல்லை. கஜந்தினி கார்டரி முடிந்து நேரே வருவாள். "மாமி, நீங்கள் போய்ப் படுங்கோ, நான் நிக்கிறன்" என்பாள். உஷா நகர மாட்டார். இரண்டு பெண்களும் கட்டிலின் இரண்டு பக்கமும் உட்கார்ந்துகொண்டு, அவன் மூச்சு விடுவதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஆகஸ்டில் ஒரு மத்தியானம் கஜந்தினி இன்னும் வரவில்லை. ஜன்னல் திரையை ஒதுக்கிவிடச் சொன்னான் அக்ஷய். வெளியே வெயில் அப்படி அடித்தது.

"அம்மா, குதிர கத சொல்லேன்."

"எந்தக் குதிரைடா?"

"தோட்டத்த மேயுமே, அது."

உஷா சொன்னார். பாலத்தில் நின்று சொன்ன அதே மாதிரி, அதே இடங்களில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். முடிந்ததும் கண்ணைத் திறக்காமலே சொன்னான்.

"அன்னிக்கு நீ லிங்க் இல்லன்னு சொன்னியே அம்மா, நான் ரொம்ப நாள் யோசிச்சேன். காலைல நீ அந்தப் பக்கம் புக்ல இருப்ப. நான் இந்தப் பக்கம் ரிங்ல இருப்பேன். சாயங்காலம் ரெண்டு பேரும் ஒரே வண்டில நூடுல்ஸ் சாப்டுவோம். அப்ப நான்தானே அந்த லிங்க்? அத நீ கவனிக்கவே இல்ல."

கோபமே இல்லாமல் சொன்னான். கோபத்தோடு சொல்லியிருந்தால் உஷா தாங்கியிருப்பார். எத்தனை சுவடிகளில் எத்தனை கிறுக்கல்களை ஒப்பிட்டுப் பார்த்த கண்! வாய்க்கால் பாலத்தில் தன் பக்கத்தில் நின்று நூடுல்ஸ் சாப்பிட்டவனை அது பார்க்கவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டார். பழைய தழும்புகளால் விரல் முட்டிகள் மட்டும் இன்னும் கெட்டியாக இருந்தன.

"இன்னொண்ணு கேக்கணும்" என்றான். "அந்த இருபத்தொண்ணும் ஜெயிக்கறதுக்குத்தான். தோத்துட்டுத் திரும்பி வரவனுக்கு ஏதாவது எழுதியிருக்காம்மா?"

எழுதவில்லை. உஷாவுக்கு அது நிச்சயமாகத் தெரியும். தான் படித்த ஒரு சுவடியிலும் அப்படி ஒரு வரி இல்லை. அவை ராஜாக்களுக்காக எழுதியவை. விழுந்தவனைப் பற்றி எந்த ராஜாவுக்குக் கவலை? "அதுக்கு மேல ஒண்ணும் எழுதலடா" என்று எட்டு வயசுப் பையனிடம் சொன்ன வாய்தான் இது. அதே வாக்கியம் நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது.

"இருக்கு" என்றார் உஷா.

அவன் கண்ணைத் திறந்தான்.

"ஒரே ஒரு சுவடில இருக்கு. கடைசி மடிப்புல. தோத்துத் திரும்பறவன் வர வழியில தண்ணி வைக்கணும்னு போட்டிருக்கு. அவன் ஆயுதத்த வேற ஒருத்தன் வாங்கிக்கணும். யார் ஜெயிச்சான்னு அவன்கிட்ட யாரும் கேக்கக்கூடாது. பாய விரிச்சு, அவன் பேரச் சொல்லிக் கூப்பிடணும். அவ்வளவுதான்."

குரல் நடுங்காமல் சொன்னார். எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியாது. வாழ்நாளில் ஒரு வரி இட்டுக்கட்டாதவருக்கு அது பால் சுரந்த மாதிரி வந்தது.

"எந்தச் சுவடி?" என்றான் அக்ஷய்.

இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டுத்தான் உஷா எத்தனையோ மாணவர்களை அழ வைத்திருக்கிறார். ஒரு நொடிகூடத் தயங்காமல் ஒரு சுவடி எண்ணைச் சொன்னார்.

அக்ஷய் அவரையே பார்த்தான். உதட்டோரம் லேசாக நெளிந்தது. "ம்" என்றான். பிறகு தண்ணீர் கேட்டான். உஷா ஸ்பூனால் ஊட்டினார். கொஞ்ச நேரத்தில் தூங்கிப்போனான். அதற்கடுத்த வாரம், கஜந்தினி ஒரு பக்கமும் உஷா ஒரு பக்கமும் இருக்க, அவன் மூச்சு நின்றது. உஷா அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். திரும்பத் திரும்பக் கூப்பிட்டார்.

காரியங்கள் முடிந்து, வந்தவர்கள் போய், வீட்டில் தனியாக விழுந்து கிடந்தபோது உஷாவை இரண்டு துக்கங்கள் பிடித்துக்கொண்டன. ஒன்று எல்லோருக்கும் தெரிந்த துக்கம். இன்னொன்றை யாரிடமும் சொல்ல முடியவில்லை. அம்மா எது சொன்னாலும் உள்ளதைத்தான் சொல்வாள் என்று வாழ்நாளெல்லாம் நம்பியவன் அவன். அந்த நம்பிக்கையால் எத்தனை அடி பட்டிருக்கிறான்! கடைசியில் அவனிடமே பொய் சொல்லி, அதற்கு எண்ணும் கொடுத்து அனுப்பிவிட்டாரே! அது நம்பிக்கைத் துரோகம் இல்லையா? தட்டில் சோறு போட்டு வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பார். சொல்லாமலும் இருக்க முடியவில்லை, சொல்லித் திருத்திக்கொள்ள ஆளும் இல்லை.

இலைகள் சிவந்துகொண்டிருந்தபோது கஜந்தினி போன் செய்தாள். "மாமி, கூடத்தைத் திரும்பவும் திறக்கிறன். ஒருக்கா வாங்கோ. பேச வேண்டாம், சும்மா வந்து இருங்கோ."

உஷா பஸ் பிடித்து கோட்-வெர்ட்டு வந்து, மெட்ரோ ஏறி, ஸ்நோடனில் மாறி, அகாடியில் இறங்கினார். படியேறும் முன் கடை வாசலில் பேரின்பநாதன் எழுந்து நின்றார். ஒரு தண்ணீர் போத்தலை எடுத்து உஷா கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அன்றைக்குத் தொடையில் தட்டிச் சிரித்ததை அவரும் மறக்கவில்லை போலிருக்கிறது.

மேலே கூடத்தில் அதே ரிங், அதே தைல வாசனை. பாங்காக் தகரக் கூரையின் கீழிருந்து வந்த வாசனை அது. உஷா அந்தச் சுவரைப் பார்த்தார். இருபத்தொரு பெயர்களும் அப்படியே இருந்தன. அவற்றுக்குக் கீழே, இன்னும் பெயிண்ட் வாசனை போகாத எழுத்தில், புதிதாக நாலு வரி. தமிழிலும் பிரெஞ்சிலும்.

திரும்பி வருகிறவன் வழியில் தண்ணீர் வையுங்கள் என்று தொடங்கியது அது.

தான் சொன்ன பொய் சுவரில் ஏறி நிற்கிறது. இனி இங்கே வருகிற ஒவ்வொருவரும் இதை வாசித்து, பழைய சுவடியில் இருக்கிறது என்று நாலு பேரிடம் சொல்வார்கள். பின்னாடி ஒட்ட வைத்தது என்று எதைச் சொல்லி மகனைத் தலைகுனிய வைத்தாரோ, அதையே இப்போது அவரே செய்திருக்கிறார். கஜந்தினி கைகளில் துணிப்பட்டியைச் சுற்றியபடி பக்கத்தில் வந்து நின்றாள்.

"கஜந்தினி, அத அழிச்சிடும்மா. அது எந்தச் சுவடிலயும் இல்ல. அவன் கேட்டான். இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல. நான் பொய் சொன்னேன். என் குழந்தைகிட்ட கடைசில பொய் சொல்லி அனுப்பிட்டேன்."

"தெரியும் மாமி" என்றாள் கஜந்தினி. "அவருக்கும் தெரியும்."

உஷா நிமிர்ந்து பார்த்தார்.

"அண்டைக்கு நான் வரேக்க அவர் சிரிச்சுக்கொண்டு கிடந்தவர். எவ்வளவு நாளைக்குப் பிறகு சிரிச்சவர் தெரியுமே! நீங்கள் எழுதின எல்லாத்தையும் அவர் வாசிச்சு வச்சிருந்தவர் மாமி. ஒரு கட்டுரை விடேல்ல. உங்கட சுவடி நம்பர் முழுக்க அவருக்குப் பாடம். 'அம்மா சொன்ன நம்பர்ல அங்க ஒரு சுவடியுமே இல்லை கஜா, என்ர அம்மா எனக்காகப் பொய் சொல்லிப்போட்டா' எண்டார். பேந்து சொன்னார், 'அம்மா என்ர கார்னருக்கு வந்திட்டா' எண்டு. அதைச் சுவரில எழுதச் சொன்னதும் அவர்தான்."

உஷா அங்கேயே பாயில் உட்கார்ந்துவிட்டார். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அத்தனை பேரும் பார்க்கிறார்களே என்ற நினைப்பே அவருக்கு வரவில்லை. எழுதியதையெல்லாம் வாசித்திருக்கிறான். ஒன்று விடாமல் வாசித்திருக்கிறான். அவன் சண்டை போட்டதை உஷா ஒரு தடவையாவது போய்ப் பார்த்திருக்கிறாரா? ஒரு தடவைகூட இல்லை.

மணி அடித்தது. கஜந்தினி ரிங்கில் ஏறினாள். எதிரில் நின்றவள் அவளைவிட இளையவள், உயரமானவள். பயிற்சிச் சண்டைதான் என்றாலும் அடி அடிதான். கண்ணீருக்கு நடுவே உஷா பார்த்துக்கொண்டிருந்தார். கயிற்றோரம் கஜந்தினியின் பக்கத்து மூலை காலியாகக் கிடந்தது. அங்கே நிற்கிற ஆள் யார் என்று கூடத்தில் எல்லோருக்கும் தெரியும், அதனால்தான் வேறு யாரும் போய் நிற்கவில்லை.

உஷா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அந்த மூலைக்குப் போனார். கீழே கிடந்த ஸ்டூலை எடுத்துக் கயிற்றுக்கு அடியில் தள்ளி வைத்தார். பேரின்பநாதன் கொடுத்த போத்தலின் மூடியைத் திருகித் திறந்தார்.

மறுபடி மணி அடித்தது. கஜந்தினி வேர்க்க விறுவிறுக்கத் திரும்பினாள். மூலையில் நின்றவரைப் பார்த்ததும் ஒரு கணம் அப்படியே நின்றாள். பிறகு வந்து உட்கார்ந்தாள். உதடு கிழிந்திருந்தது.

"கஜந்தினி" என்று கூப்பிட்டார் உஷா.

யார் ஜெயித்தது என்று கேட்கவில்லை. போத்தலை அவள் வாயருகே பிடித்தார். அவள் குடித்து முடிக்கும்வரை பிடித்துக்கொண்டே நின்றார்.